கிவானியில் ஒரு பச்சைப் புள்ளி

"பச்சை எப்படி வந்துச்சு?"

"மழை பெஞ்சுது, புரொபசர்."

"மழை எல்லா ஊர்லயுந்தான் பெஞ்சுது. மத்த ஊரெல்லாம் ஒழுங்கு மரியாதையா சிவப்பா இருக்கு. உங்க ஊரு மட்டும் எதுக்குப் பச்சையாச்சு?"

மும்புவா மேசைமேல் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். வானத்திலிருந்து எடுத்த படம். கிட்டுயி மாவட்டத்தின் வறண்ட பகுதி முழுவதும் செங்கல் நிறத்தில் கிடந்தது. நடுவில், கிவானி கிராமம் இருக்க வேண்டிய இடத்தில், நல்ல சட்டையில் தெறித்த கீரைச்சாறு மாதிரி ஒரு பச்சைப் புள்ளி.

"பிரிண்டர் கோளாறா இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் கெரூபோ. "வேற பிரிண்டர்ல எடுத்தேன். அதுலயும் பச்சை. கறுப்பு வெள்ளையில எடுத்தாதான் போகுது."

"கறுப்பு வெள்ளையில வறட்சியைக் காமிக்க முடியுமா கெரூபோ? யாராவது பயப்படுவாங்களா?" என்றார் பேராசிரியர் மகோகா.

மகோகா, ஆப்பிரிக்க நீடித்த எதிர்காலங்களுக்கான உயராய்வு மையத்தின் இயக்குநர். மையம் நைரோபியில் நிழல் மரங்கள் சூழ்ந்த ஒரு குன்றின்மேல் இருந்தது. மையத்தின் வாயிலில் ஒரு நீரூற்று இரவு பகலாக ஓடும். அதன் பீடத்தில் 'வறட்சி ஆய்வுப் பிரிவு' என்று பித்தளையில் எழுதியிருக்கும். கெரூபோ அந்த மையத்தின் அளவீட்டுத் துறைத் தலைவி. எதையும் அளப்பாள். அளக்க முடியாததை 'சவால்' என்று எழுதுவாள்.

கிவானி அந்த மையத்தின் பொற்சுரங்கம். தண்ணீரில்லாத ஊர்கள் எத்தனையோ உண்டு. கிவானி அளவுக்கு நம்பகமாகத் தண்ணீரில்லாத ஊர் வேறு கிடையாது. அந்த ஊரை வைத்து மையத்தில் டாக்டர் பட்டம் வாங்காதவர் வாயில் காவலாளி மட்டும்தான், அவரும் விண்ணப்பித்திருந்தார்.

மும்புவாவும் அந்த ஊரை வைத்துத்தான் டாக்டர் ஆனாள். அதன்பிறகு அதே மையத்தில் தற்காலிக விரிவுரையாளர். மூச்சு வாங்கும் நோயாளியைப் போல அவளுடைய ஒப்பந்தம் வருடா வருடம் ஒருமுறை நின்று, எல்லோரும் கூடி நின்று பார்த்த பிறகு மறுபடி ஓடத் தொடங்கும். இந்த மாதக் கடைசியில் பணி நிரந்தரமாக வேண்டும். இல்லையென்றால் விதிப்படி வெளியே போக வேண்டும். வேறு இடம் பார்க்கலாம் என்றால், வறட்சிக்கென்று நாட்டில் இருக்கும் மற்ற மையங்களின் இயக்குநர்கள் எல்லாருமே மகோகாவின் மாணவர்கள். அவளுடைய கோப்பு இப்போது மகோகாவின் மேசையில், அந்தப் படத்துக்கு அடியில் இருந்தது. ஓரம் மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க டாக்டர். நீங்க அங்க ஏதாவது பண்ணீங்களா?" மகோகா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு சுவர் கட்டினோம், புரொபசர்."

"சுவரா?"

"ஆத்துக்குக் குறுக்க."

அவள் விளக்கினாள். கிவானியின் காட்டாறு வருடத்தில் சில நாள் மட்டும் கரை புரண்டு ஓடும், பிறகு மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பாறை தெரிகிற இடமாகப் பார்த்துக் குறுக்கே ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினால் வெள்ளம் கொண்டுவரும் மணல் சுவருக்குப் பின்னால் தேங்கும். மணலின் வயிற்றில் தண்ணீர் தேங்கும். வெயிலால் அதைக் குடிக்க முடியாது. மேலே பார்த்தால் காய்ந்த மணல், கையைவிட்டுத் தோண்டினால் ஈரம். கரையில் ஒரு கைப்பம்பு. அவ்வளவுதான்.

"இதுக்கு ஏது பணம்?"

"ஊர்க்காரங்களை ஏரிக்கரை ஓட்டல்ல தங்க வெச்சு வறட்சி தாங்கும் பயிலரங்கு நடத்தச் சொல்லி திட்டத்துல இருந்துச்சு. அவங்ககிட்ட கேட்டேன். வறட்சியை எப்படித் தாங்கறதுன்னு எங்களுக்கா ஓட்டல்ல வெச்சு சொல்லித் தரப் போறீங்க, அந்தச் சாப்பாட்டுக்கு சிமெண்டா வாங்கிக் குடுத்துருங்கன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே அறிக்கையில எழுதிட்டேனே, புரொபசர்."

துக்க வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டது போல இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அறிக்கைகளை யாராவது படிக்கக்கூடும் என்ற கேள்வி அந்த மையத்தில் அதுவரை எழுந்ததில்லை.

கெரூபோதான் முதலில் சுதாரித்தாள். "இது தலையீடு, டாக்டர். கிவானி நம்மளோட ஒப்பீட்டு ஊர். ஒண்ணுமே செய்யாம விட்டா ஒரு ஊர் என்ன ஆகும்னு பாக்கறதுக்காக வெச்சிருக்கற ஊர். அங்க போய் நீங்க எப்படி ஒண்ணு செய்யலாம்?"

"அப்போ பயிலரங்கு மட்டும் நடத்தலாமா?"

"பயிலரங்கால ஒரு விளைவும் வராதுன்னு நாமளே நிரூபிச்சிருக்கோமே! அதனால அது தலையீட்டுல வராது. சுவர் அப்படியா?"

மகோகா எழுந்து ஜன்னலருகே போய் நீரூற்றைப் பார்த்தபடி பேசினார். அவர் குரல் தழுதழுத்தது.

"நான் உங்களைக் குத்தம் சொல்லல, மும்புவா. இள ரத்தம். தண்ணி இல்லாத ஊரைப் பாத்தா தண்ணி கொண்டு வரணும்னு தோணும். எனக்கும் தோணியிருக்கு. இந்தக் கையாலயே ஒரு கிணத்துக்கு இடம் குறிச்சிருக்கேன். ஆனா அடக்கிக்கிட்டேன். வாழ்நாள் பூரா அடக்கிக்கிட்டேன். அப்படி அடக்கினதாலதான் இன்னிக்கு இந்த நாற்காலியில இருக்கேன்."

அன்று மாலையே அவர் உண்மையான காரணத்தையும் சொன்னார். திட்டத்துக்குப் பணம் தரும் நார்வே நாட்டு நிதியத்திலிருந்து ரக்ன்ஹில்ட் என்ற அம்மாள் அடுத்த வியாழக்கிழமை வருகிறாள். கிவானியின் வறட்சியை நேரில் பார்த்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் பணம் தரலாமா என்று முடிவு செய்வாள்.

"அந்த அம்மா அவ்வளவு தூரம் விமானத்துல வந்து எதைப் பாக்கணும்? கீரைப் பாத்தியையா?"

*

மறுநாளிலிருந்து குழுக்கள் கூடின.

முதலில் ஆய்வு நெறிக் குழு. அதன் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு தத்துவப் பேராசிரியர். காது மந்தம். அது ஒரு நெறியாளருக்கு இருக்க வேண்டிய தகுதி என்று மையம் கருதியது.

"தண்ணீர் கிடைப்பதற்கு முன்பாக, தண்ணீர் கிடைக்கப்போவதற்கு ஊரார் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தார்களா?" என்று அவர் கேட்டார்.

"அவங்கதான் சுவரே கட்டினாங்க, ஐயா."

"கட்டுவது வேறு, சம்மதிப்பது வேறு. பக்க விளைவுகளை எடுத்துச் சொன்னீர்களா?"

"தண்ணிக்கு என்னங்கய்யா பக்க விளைவு?"

"ஏதாவது மாறுதல் கவனித்தீர்களா?"

மும்புவா யோசித்தாள். "முன்னாடி பொம்பளப் பிள்ளைங்க தண்ணி எடுக்க மலைக்கு அந்தப் பக்கம் போவாங்க. இப்ப பள்ளிக்கூடம் போறாங்க."

'பகல் நேரத்தில் சிறுமிகள் இடம்பெயர்வு' என்று செயலாளர் குறித்துக்கொண்டார். குழு ஒருமனதாகக் கவலை தெரிவித்துவிட்டு மதிய உணவுக்குக் கலைந்தது.

அடுத்தது சுவர் அகற்றும் துணைக்குழு. சுவரில் ஒரு ஓட்டை போட்டால் போதும், ஊர் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றார் ஒருவர். ஓட்டை போட டெண்டர் விட வேண்டும் என்றார் இன்னொருவர். டெண்டர் விட, சுவரை இடிப்பதால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு வரும் என்று ஒரு மதிப்பீடு வேண்டும். அப்படி மதிப்பீடு செய்யத் தகுதி பெற்ற அமைப்பு நாட்டில் எது என்று தேடியபோது, அது அவர்களுடைய மையம்தான் என்று தெரிந்தது.

"நாம மதிப்பீடு பண்ணினா என்ன வரும்?" என்று மகோகா ரகசியமாகக் கேட்டார்.

கெரூபோ கணக்கிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சுவர் நல்லதுன்னு வந்துரும் போல இருக்கு, புரொபசர்."

அந்த யோசனை கைவிடப்பட்டது.

கடைசியில் 'ஒருநாள் ஆரம்பநிலை மீட்பு' என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதாவது வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் கிவானி பழைய கிவானியாக இருக்க வேண்டும். பொறுப்பு மும்புவாவுடையது. வழிகாட்டக் கெரூபோ கூடப் போவாள்.

நடைவழியில் மகோகா மும்புவாவின் தோளில் கை வைத்தார். "வியாழக்கிழமை நல்லபடியா முடிஞ்சா வெள்ளிக்கிழமை உங்க பணி நிரந்தரம். இந்தக் கையாலயே கையெழுத்துப் போடறேன். ஆனா அந்த அம்மா கண்ணுல கிவானித் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும், வெள்ளிக்கிழமை உங்க அறையைக் காலி பண்ணி வெச்சிருங்க. வருத்தத்தோடதான் சொல்றேன். வேணும்னா என் வருத்தத்தைக் கூட்டக் குறிப்புலயே ஏத்திடச் சொல்றேன்."

அன்றிரவு மும்புவாவுக்குத் தூக்கம் வரவில்லை. தன் அறையின் சிறிய மேசை, ஜன்னலுக்கு வெளியே பூத்துக் கொட்டும் ஜகரண்டா மரம், தன் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிய கதவுப் பலகை எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தப் பலகையைத் திருத்தித் தரக் கேட்டபோது, நிரந்தரமானால்தான் திருத்துவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

*

"ஆக, தண்ணி இல்லாத மாதிரி இருக்கணும்," என்றாள் கஸ்யோகா.

"ஒரே ஒரு நாளுக்கு, அக்கா."

கஸ்யோகா கிவானி மகளிர் குழுத் தலைவி. சுவர் கட்ட ஊரைத் திரட்டியவள் அவள்தான். கீரைப் பாத்திக்கு நடுவே நின்றபடி, கையிலிருந்த மண்வெட்டியின் காம்பில் தாடையை ஊன்றிச் சிரிக்க ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் பாத்தி பாத்தியாக நிமிர்ந்து சிரித்தார்கள்.

"கேட்டீங்களாடி? தண்ணி இல்லாதப்ப எத்தனை பேர் வந்து பாத்துட்டு, அச்சச்சோன்னுட்டுப் போனாங்க! இப்ப இருக்கு. இப்பவும் அவங்களுக்கு அச்சச்சோன்னு சொல்லணுமாம்."

"பாவம், சொல்லிட்டுப் போகட்டும். நமக்கென்ன, சோறு உண்டா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"உண்டு," என்றாள் மும்புவா. "பிரியாணியே உண்டு."

"தண்ணி இல்லாத ஊர்ல பிரியாணி எப்படி வேகும்னு அந்த வெள்ளக்காரம்மா கேட்டா?"

"கேக்க மாட்டாங்க," என்றாள் கெரூபோ. "பத்து வருஷமா யாரும் கேட்டதில்ல."

கெரூபோ ஒரு பெரிய புகைப்படத்தைக் கொண்டு வந்திருந்தாள். மையத்தின் எல்லா அறிக்கைகளுக்கும் அட்டைப்படம் அதுதான். எலும்பும் தோலுமாக ஒரு பெண் காலிக் குடத்தோடு மணலில் உட்கார்ந்திருப்பாள். கெரூபோ படத்தையும் கஸ்யோகாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆள்தான். ஆனால் இந்தக் கஸ்யோகாவுக்குக் கன்னம் உருண்டு, இடுப்பு அகன்று, கழுத்தில் மணிமாலை பதிந்து கிடந்தது.

"அந்த அம்மா மேசையில இந்தப் படந்தான் இருக்காம். கண்டிப்பா உங்களைத்தான் தேடுவாங்க," என்றாள் கெரூபோ கவலையோடு. "வியாழக்கிழமைக்குள்ள கொஞ்சம் இளைக்க முடியுமா?"

"நீ முதல்ல இளைச்சுக் காட்டு தாயி, பாத்துட்டு நான் இளைக்கறேன்."

பாத்திகளில் மறுபடி சிரிப்பு எழுந்தது. கெரூபோ அளவீட்டு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் கஸ்யோகா மும்புவாவைத் தனியாக இழுத்துப் போனாள். "இது எங்களுக்கு வெளையாட்டு. உனக்கு என்ன, பொண்ணே?"

"எனக்கு வேலை, அக்கா. தண்ணி தெரிஞ்சா என் வேலை போயிரும்."

கஸ்யோகா மண்வெட்டியைக் கீழே சாய்த்தாள். "சிமெண்ட் மூட்டையை எங்களோட சேந்து தலையில சுமந்தவ நீ. உனக்காக நாங்க ஒரு நாள் காஞ்சு கிடக்க மாட்டோமா? போ. ஆனா தாகமா இருக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறது எப்படின்னு மறந்தே போச்சு. அதை மட்டும் யாராவது சொல்லித் தாங்க."

புதன்கிழமை முழுவதும் ஏற்பாடு நடந்தது. கைப்பம்பின் மேல் மையத்தின் பதாகையை இழுத்துக் கட்டினார்கள். 'ஒவ்வொரு துளியும் மனித உரிமை' என்று அதில் எழுதியிருந்தது. கீரைப் பாத்திகளுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தினார்கள். வானத்திலிருந்து படம் எடுத்தாலும் நிறம் சரியாக இருக்க வேண்டும் என்பது கெரூபோவின் உத்தரவு. ஊரின் கொழுத்த ஆடுகளை மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஒல்லி ஆட்டைக் கூட்டி வந்தார்கள். ஆட்டுக்காரருக்குப் பயிலரங்கில் கலந்துகொண்டதாகச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் ஆடு கீரைப் பாத்தியின் விரிப்புக்குள் தலையை விட்டது. மாலைக்குள் அது பீப்பாய் போல ஆகிவிட்டதால் அதையும் மலைக்கு அந்தப் பக்கம் ஓட்ட வேண்டியதாயிற்று.

கடைசியாகப் பந்தலை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. கெரூபோ ஆற்றின் நடுவே வெண்மையாக விரிந்து கிடந்த மணலைக் காட்டினாள். "இங்கதான். விருந்தாளிங்க வறட்சியோட மடியிலயே உக்காரட்டும்."

"அங்க வேணாம், டாக்டர். மணலுக்குள்ள தண்ணி…"

"மேல காஞ்சிருக்கா இல்லயா?"

"மேல காஞ்சிருக்கு."

"கேமரா மேலதானே பாக்கும்!"

*

வியாழக்கிழமை வெயில் மையத்துக்கு முழு ஒத்துழைப்பு கொடுத்தது.

ரக்ன்ஹில்ட் அம்மாள் உயரமாக, அமைதியாக இருந்தாள். எதைக் காட்டினாலும் "மிகவும் சுவாரசியம்" என்றாள். காலிக் குடங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் அட்டைப்படக் கஸ்யோகாவைக் கண்டுபிடித்து, நீண்ட நேரம் பார்த்தாள். கஸ்யோகா கன்னங்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "மிகவும் சுவாரசியம்," என்றாள் ரக்ன்ஹில்ட்.

போதகர் மழை வேண்டி ஜெபித்தார். போன வாரம்தான் சோளம் நட்ட ஊர்க்காரர்கள், இப்போது மழை பெய்தால் விதை அழுகிவிடுமே என்று ஆமென்னை மெதுவாகச் சொன்னார்கள்.

பிறகு மகளிர் குழு வரவேற்புப் பாட்டுப் பாடியது. ஊர்ப் பேச்சான கம்பா மொழியில், இட்டுக்கட்டியது. 'சீக்கிரம் வந்தீங்க, சீக்கிரம் கெளம்புங்க, விரிப்புக்கடியில கீரை வேகுது' என்பது அதன் சாரம். பந்தலில் உட்கார்ந்திருந்த உதவிக் கிராமத் தலைவர் வாயைத் தொப்பியால் மூடிக்கொண்டார். மொழிபெயர்க்க நின்ற மும்புவா, "மழைக்காக ஏங்குகிறார்கள்," என்றாள்.

அதற்குப் பிறகு உரைகள் தொடங்க வேண்டும். ஆனால் அந்த நாட்டில் மேடையில் இருப்பவர்களை எல்லாம் பதவி வரிசைப்படி ஒருவர் விடாமல் விளித்து முடிக்காமல் யாரும் உரையாற்ற முடியாது. ஒரு பெயர் முன்னால் பின்னால் போனால் பகை. ஒரு பெயர் விட்டுப்போனால் விசாரணை. ஒவ்வொரு பேச்சாளரும் இதை முதலிலிருந்து செய்தாக வேண்டும். உதவிக் கிராமத் தலைவர் விளித்தார். போதகர் விளித்தார். வட்டார வேளாண் அதிகாரி விளித்து முடித்து, பேச வந்ததை மறந்து, நன்றி கூறி உட்கார்ந்தார். கெரூபோ பாதி விளித்துக்கொண்டிருக்கும்போது மாவட்ட அரசின் நீர்வளத் துறை அமைச்சர் தன் பரிவாரத்தோடு தாமதமாக வந்து சேர்ந்தார். வரிசை மாறிவிட்டதால் எல்லாரும் மறுபடி தொடங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் மும்புவா நாற்காலிகளைக் கவனித்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் விரல் அளவு, பிறகு சாண் அளவு. பெரிய பதவிக்காரர்கள் பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்களாகவும் இருந்ததால், வரிசை கெடாமல் மூழ்கினார்கள். அமைச்சர் முதலில். அவருக்கு ஒரு பிடி மேலே மகோகா. அவருக்கு மேலே வேளாண் அதிகாரி. ஒல்லியான போதகர் எல்லாருக்கும் மேலே, பரலோகத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கால்கள் இறங்கிய குழிகளில் மணல் கறுத்தது. பிறகு மினுமினுத்தது. பிறகு அமைச்சரின் காலணியைச் சுற்றி ஒரு சின்னக் குளம் உருவாகி, பந்தலின் அடிப்பாகம் முழுக்கப் பரவியது.

யாரும் எழவில்லை. விளித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது விளிக்கப்படுபவரை அவமதிப்பதாகும். யாரும் கீழே பார்க்கவும் இல்லை. எல்லாரும் பார்க்காமலிருந்ததால் அங்கே ஒன்றும் இல்லை.

ரக்ன்ஹில்ட் மட்டும் குனிந்தாள். காலணிகளை நிதானமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இது வடக்கு நாட்டு மரியாதை போலும் என்று நினைத்த அமைச்சர், தன் காலணிகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அமைச்சரே கழற்றிய பிறகு மகோகா சும்மா இருக்க முடியுமா? கழற்றினார். பதவி வரிசைப்படி பந்தல் முழுவதும் காலணிகள் மடிக்கு வந்தன.

வெறுங்காலோடு மகோகா மைக்கைப் பிடித்தார். விளித்து முடிக்கவே வெயில் சாய்ந்துவிட்டது. பிறகு தன் உரையை வாசித்தார்.

"இந்த மண்ணில் ஈரம் என்பது ஒரு நினைவு மட்டுமே!" என்று முழங்கிவிட்டு, ஒரு காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி உதறி, மறுகாலை ஊன்றினார். "எங்கள் மையம் இந்த மக்களைத் தலைமுறைகளாகக் கவனித்து வருகிறது. அவர்கள் துன்பத்தை நாங்கள் ஒரு அங்குலம்கூடக் குறைத்ததில்லை! குறைத்திருந்தால் எங்கள் முடிவுகளை நீங்கள் நம்பியிருக்க முடியுமா?" மறுகாலைத் தூக்கி உதறினார். "இன்னும் பல்லாண்டுகள் இந்த வறட்சியைப் பாதுகாக்க உங்கள் உதவியை நாடுகிறோம். இங்கே ஒரு சொட்டு நீர் இல்லை. என் சொல்லை நம்ப வேண்டாம். இந்த ஊரைத் தன் உள்ளங்கை போல அறிந்த எங்கள் டாக்டர் மும்புவாவே வந்து அதை உறுதி செய்வார்!"

கைதட்டலில் தண்ணீர் சளசளத்தது.

மும்புவா மைக்குக்கு முன்னால் வந்தாள். எதிரே மகோகா புன்னகைத்தபடி, சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைத் தொட்டுக் காட்டினார். ஓரத்தில் காலிக் குடங்களோடு கஸ்யோகாவும் பெண்களும். கஸ்யோகா இன்னும் கன்னங்களை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருந்தும் விடவில்லை.

என்ன சொல்வது என்று மும்புவாவுக்குத் தெரியவில்லை. அதனால் விளிக்க ஆரம்பித்தாள். மாண்புமிகு அமைச்சர் அவர்களே. அமைச்சரின் செயலர் அவர்களே. உயராய்வு மையத்தின் இயக்குநர் அவர்களே. அவ்வளவு நிறுத்தி, அவ்வளவு அழகாக அவள் இதுவரை விளித்ததே இல்லை. வேளாண் அதிகாரியையும் அவருடைய உதவியாளரையும் விளித்தாள். போதகரை விளித்தாள். ஜீப் ஓட்டி வந்தவர்களை விளித்தாள். பந்தல் போட்டவர்களை, பிரியாணி கிண்டியவர்களை விளித்தாள். மகளிர் குழுவை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி விளித்தபோது, இதுவரை எந்த மேடையிலும் தங்கள் பெயரைக் கேட்டிராத அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கஸ்யோகா பெயர் வந்தபோது அவள் தன்னை மறந்து கன்னங்களை விட்டுவிட்டாள். முகம் நிலாவைப் போல முழுசாக வெளியே வந்தது.

விளிக்க இனி ஒரே ஒருவர்தான் பாக்கி.

"கடல் கடந்து எங்களைப் பார்க்க வந்திருக்கும் விருந்தினர், மதிப்புக்குரிய ரக்ன்ஹில்ட் அம்மையார் அவர்களே…"

தன் பெயரைக் கேட்டதும் ரக்ன்ஹில்ட் எழுந்தாள். மடியிலிருந்த காலணிகளை நாற்காலியில் வைத்துவிட்டு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் மெல்ல நடந்து மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெயிலில் அவள் முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. விருந்தினருக்கென்று வைத்திருந்த பாட்டில்களை எல்லாம் விளித்தவர்கள் குடித்துத் தீர்த்திருந்தார்கள். அவள் கையில் ஒரு காலிக் கோப்பை இருந்தது. அவள் மகோகாவைப் பார்க்கவில்லை, அமைச்சரையும் பார்க்கவில்லை. கோப்பையை மும்புவாவிடம் நீட்டினாள். மைக் திறந்தே இருந்ததால், அவள் தாழ்ந்த குரலில் கேட்டது ஆற்றின் இரு கரைக்கும் கேட்டது:

"டாக்டர், ரொம்ப தாகமா இருக்கு. இந்த ஊர்த் தண்ணி கொஞ்சம் குடிக்கத் தருவீங்களா?"